லாக்டோமீட்டர் மிதக்காத மருந்து

மீனாட்சிபுரத்தில் சந்தேகப்படுவது அரசாங்க வேலைகளில் ஒன்று. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரளத்துக்குள் நுழையும் பால் வண்டிகளை எல்லையில் நிறுத்தி, மாதிரி எடுத்து, அதில் பால் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதற்கென்று ஆட்கள் உண்டு, கருவிகள் உண்டு, சம்பளம் உண்டு. இதே வேலையைச் சம்பளமில்லாமல், விடுப்பு எடுக்காமல், பாலோடு நிறுத்திக்கொள்ளாமல் பல வருடங்களாகச் செய்துவருகிறவர் ரத்தினசாமி.

ஐந்து கறவை மாடுகளும் ஒரு தென்னந்தோப்பும் உடையவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு லாக்டோமீட்டர் வைத்திருப்பார். பால் கெட்டியா தண்ணியா என்று மிதந்து காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாய் ஊர்ப் பால் சொசைட்டியிலேயே இருக்கிறது. ஆனால் அது சொசைட்டியுடையது. தினமும் காலையில் பால் வாங்கும் ஷைஜு தன் குழாயைப் போட்டு அளவு சொன்னதும், ரத்தினசாமி தன் குழாயைப் போட்டுச் சரிபார்ப்பார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட வித்தியாசம் வந்ததில்லை. அதுதான் அவருக்கு இருந்த மிகப்பெரிய சந்தேகம்.

அவருடைய கல்யாணமே இப்படித்தான் முடிந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, பாலில் தண்ணீர் சேர்ந்திருப்பதாகச் சபையில் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது: "அது உங்கூரு சொசைட்டில வாங்குன பாலுங்க." ரத்தினசாமி மிச்சக் காப்பியையும் குடித்துவிட்டுச் சம்மதம் சொன்னார். அப்படி வந்தவள்தான் சுப்பாத்தாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது அதுவும் நேராக வந்து கதவைத் தட்டவில்லை. அடிக்கடி தாகம் எடுத்தது. அவர் முதலில் கிணற்றைச் சந்தேகித்தார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிணறு நிரபராதி என்று தெரிந்த பிறகுதான் சுப்பாத்தாள் அவரைக் கொழிஞ்சாம்பாறையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் பிரதீபாவிடம் இழுத்துப்போனாள். மாத்திரை ஆரம்பித்தது. இரண்டு வருடம் ஓடியது. போன வருடக் கடைசியில் ஒருநாள் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, மூணு மாசச் சக்கரைச் சராசரி ஏறிக்கிட்டே போகுது. மூணு மாசம் பாக்கலாம். சோத்தைப் பாதியாக் குறைங்க. புரதம் சேத்துக்குங்க. முட்டை, சுண்டல், பாசிப்பயறு, தயிர், எதுவா இருந்தாலும் அதை முதல்ல சாப்பிட்டுட்டு, சோத்தைக் கடைசியில சாப்பிடுங்க. சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க. அப்பவும் எறங்கலைன்னா இன்சுலின்தான் போடணும்."

டாக்டர் சொன்னவற்றில் ரத்தினசாமியின் காதில் இரண்டு வார்த்தைகள்தான் விழுந்தன. ஒன்று புரதம். இன்னொன்று இன்சுலின்.

ஊசி என்றால் அவருக்குப் பயமில்லை. மாட்டுக்கு ஊசி போடும்போது கொம்பைப் பிடிப்பவரே அவர்தான். ஆனால் இந்த ஊசி வேறு. அவருடைய அண்ணன் குருசாமிக்கு இன்சுலின் போட ஆரம்பித்த இரண்டாவது வருடம் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருடம் அண்ணனையே எடுத்துக்கொண்டு போனார்கள். ஊசி வந்தது, கால் போனது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை ஒன்றால் ஒன்று நடந்தவையே என்பது ரத்தினசாமியின் உறுதியான தீர்ப்பு. அந்தக் காலைத் தோப்பு ஓரத்தில் புதைத்தபோது மண்வெட்டி பிடித்தவரும் அவரே. ஆகவே, ஊசி தன்மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அடுத்த மூன்று மாதத்துக்கு அவருக்கு உயிர்மூச்சாயிற்று.

புரதம் தேடி அவர் முட்டைக்கடைக்குப் போகவில்லை. முட்டையில் மருந்து தெளிக்கிறார்கள், பயறில் சாயம் போடுகிறார்கள், தயிர் சொந்த மாட்டுப் பால்தான் என்றாலும் உறைமோர் பக்கத்து வீட்டினுடையது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியவன் தங்கதுரை. சுப்பாத்தாளின் தம்பி மகன். கோபாலபுரத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறான். அங்கே வாசலிலேயே பெரிய பெரிய டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தான்.

"மாமா, இது சாதாரணப் பவுடர் இல்லீங்க. அமினோ அமிலம். லூசின், ஐசோலூசின், வாலின், மூணும் எச்சா இருக்குது. அப்பிடியே தசையா மாறிரும்."

"அமினோ அமிலமா? அது மாட்டுத்தீவன மூட்டைல போட்டிருக்குமாச்சே. மெத்தியோனின், லைசின்னு."

"மாட்டுக்கும் அதேதானுங்க, மனுசனுக்கும் அதேதானுங்க."

பின்னால் வந்த வினைக்கெல்லாம் இந்த வாக்கியமே விதை. தங்கதுரை அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

"இதை எதுல செய்யறாங்க?"

"பால் திரிஞ்சா மேல ஒரு தண்ணி நிக்குமில்லீங்க மாமா? அதைக் காயவெச்சுச் செய்யறதுங்க."

ரத்தினசாமி டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அதை நாங்க கன்னுக்குட்டிக்கல்லடா ஊத்துவோம்."

"அதானுங்க மாமா, கன்னுக்குட்டி எப்பிடித் துள்ளுதுன்னு பாத்திருப்பீங்களே."

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் பரிசோதனை. ஒரு சொம்புத் தண்ணீரில் சாக்லேட் வாசனையடித்த அந்தப் பவுடரைக் கரைத்து, லாக்டோமீட்டரை மெதுவாக இறக்கினார். குழாய் முங்கவில்லை. கறந்த பாலில் நிற்பதைவிட ஒரு கோடு மேலே, நிமிர்ந்து நின்றது. ரத்தினசாமி அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். உறவினர்களை நம்பாதவர், அரசாங்கத்தை நம்பாதவர், வானிலை அறிக்கையை நம்பாதவர், அன்று ஒரு டப்பாவை நம்பினார்.

அடுத்து அளவு. ஒருநாளைக்கு ஒரு கரண்டி என்று டப்பாவில் அச்சடித்திருந்தது. அச்சடித்தவனை நம்ப அவர் தயாராக இல்லை. "கம்மியாச் சாப்பிடச் சொல்லிக் குணமாகாம வெச்சாத்தான அடுத்த டப்பா விக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே நேர்மையான கணக்கு தீவனக் கணக்கு: உடம்பு தாங்க இவ்வளவு, அதற்குமேல் கறக்கிற பாலுக்குத் தகுந்தபடி இவ்வளவு. உடம்புக்கு ஒரு கரண்டி என்று வைத்தார். பிறகு தோப்பு மேற்பார்வை, சொசைட்டி விவகாரம், பஞ்சாயத்துப் பேச்சு எல்லாவற்றையும் தன்னுடைய கறவையாகக் கணக்கிட்டு மேலும் மூன்று கரண்டி சேர்த்தார். காலைக் கறவைக்கு இரண்டு, சாயங்காலக் கறவைக்கு இரண்டு. மாடுகளுக்குத் தவிடு வைக்கும் அதே வேளையில் அவரும் தன் பங்கைக் கலக்கிக் குடித்தார்.

சுப்பாத்தாள் டப்பாவைப் பார்த்தாள். அதன்மேல் சட்டையில்லாத ஒருவன் கையை மடக்கி நின்றிருந்தான்.

"ஏனுங்க, இந்த வயசுல இது எதுக்குங்க?"

"சக்கரைக்கு."

"சக்கரைக்குச் சட்டையக் கழட்டோணுமாக்கும்."

அவளுடைய சந்தேகம் வேறு திசையில் போயிற்று. அந்தத் திசையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அடுத்த ஒரு வாரம் கணவருடைய செல்போனைத் துடைத்து வைப்பதில் அவள் தனி அக்கறை காட்டினாள் என்று மட்டும் சொன்னால் போதும். போனில் தீவனக்கடைக்காரரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவள் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் டப்பாமேல் வந்த கோபம் தீரவில்லை. "கறவ வத்துன மாட்டுக்கு யாராச்சும் இப்பிடிப் புண்ணாக்கு அள்ளி வெப்பாங்களா" என்று தொழுவத்துப் பக்கம் திரும்பிச் சொல்வாள். மாடுகள் கேட்டன. ரத்தினசாமி கேட்கவில்லை.

முதல் பத்து நாள் சோறு பாதியாக இருந்தது. பிறகு, புரதம்தான் உள்ளே போகிறதே என்ற தைரியத்தில் முக்காலாயிற்று. ஒரு விசேஷ வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு முழுதாயிற்று. நடை நின்றுபோனது, தானாகத் தசையாகிற பொருளைக் குடித்துவிட்டு எதற்கு நடப்பது? இடுப்பு வேட்டி ஒரு சுற்றுக் குறைந்தபோது, சலவையில் சுருங்கிவிட்டதாகச் சோப்புக் கம்பெனியைச் சந்தேகித்தார்.

இரண்டாவது மாதம் சொசைட்டிக் கட்டடத்தில் இலவசச் சர்க்கரை முகாம் நடந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். ஏறியிருந்தது.

வீட்டுக்குள் துரோகம் நடக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. காப்பி போடுவது யார்? மறுநாள் காலை இரண்டு சாசர்களைத் தொழுவத்துச் சுவர்மேல் வைத்தார். ஒன்றில் சுப்பாத்தாளின் சர்க்கரைக் காப்பி, ஒன்றில் தன்னுடைய சர்க்கரையில்லாக் காப்பி. தன்னுடையதை ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். மனிதர்கள் பொய் சொல்லலாம், எறும்பு சொல்லாது. சற்று நேரத்தில் எறும்புகள் வந்தன. இரண்டு சாசருக்கும் வந்தன.

"வா இங்க" என்று சுப்பாத்தாளைக் கூப்பிட்டுச் சாட்சிகளைக் காட்டினார். "இதுக்கென்ன சொல்ற?"

அவள் குனிந்து சாசரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "மீசையத் தொடைங்க."

"எதுக்கு?"

"சாக்லேட்டுப் பவுடரு அதுல அப்பியிருக்குது. காப்பிய உறிஞ்சயில சாசர்ல உழுந்திருக்குது. எறும்பு என்ற காப்பிக்கு வரலீங்க, உங்க மீசைக்கு வந்திருக்குது." சொல்லிவிட்டு இரண்டு சாசரையும் எடுத்துக்கொண்டு போனாள். வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அவள் அன்று முழுவதும் பேசவில்லை. முப்பது வருடம் போட்ட காப்பியை எறும்பிடம் கொண்டுபோய் விசாரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவர் இந்த விவரத்தையெல்லாம் சொசைட்டியில் சொல்லவில்லை. லாக்டோமீட்டர் நின்ற கதையை மட்டும் சொன்னார். ஷைஜு பாலை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"ரத்தினசாமியண்ணா, தண்ணியில சக்கரை கலக்கிப் போட்டாலும் லாக்டோமீட்டர் அதே மாதிரி நிக்குமே. கள்ளப் பாலுக்காரங்க செய்யிற வித்தை அதல்லே? உங்களுக்கு அறியாத்த காரியமா?"

ரத்தினசாமிக்கு அறியாத காரியமல்ல. அந்த வித்தையை அதே சொசைட்டியில் மற்றவர்களுக்கு விளக்கியவரே அவர்தான். அவர் ஷைஜுவை ஏற இறங்கப் பார்த்தார். டப்பாவைப் பற்றி இவன் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறான்? அன்றிலிருந்து அவர் டப்பாவைச் சந்தேகிக்கவில்லை. ஷைஜுவைச் சந்தேகித்தார்.

மூன்றாவது மாதம் முடியும் தறுவாயில் அவர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே சோறு, இட்லி, பழம் எதையும் தொடவில்லை. டப்பா மட்டும்தான். சொசைட்டி ஆள் சோதனைக்கு வருகிறான் என்று தெரிந்தால் அன்றைக்கு நல்ல மாட்டுப் பாலாகக் கொண்டுபோவது உலக வழக்கம். ரத்தம் மட்டும் என்ன விதிவிலக்கா?

ஒரு லேபை நம்ப முடியாது என்பதால் இரண்டு லேபில் கொடுத்தார். ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கம், ஒன்று பொள்ளாச்சியில். இரண்டு மாநிலங்கள் சேர்ந்து ஒரு மனிதனை ஏமாற்றுவது கடினம் என்பது அவர் எண்ணம். இரண்டு இடத்திலும் ஊசியோடு வந்த பெண்ணிடம் ஒரே விண்ணப்பம் வைத்தார்.

"அம்மிணி, முதல்ல வர்ற ரத்தத்தை எடுத்துட்டு நிறுத்திக்கோணும். கடைசில வர்றது வேண்டாம்."

"ஏன் சார்?"

"முதப்பீச்சு தண்ணியா இருக்கும். கடைசில கறக்கறதுதான் கெட்டி. கொழுப்பு, சத்து எல்லாம் அதுலதான் எறங்கும்."

பாலுக்கு இது சத்தியமான உண்மை. ஐந்து மாடுகளும் சாட்சி. பொள்ளாச்சிப் பெண் பஞ்சை வைத்து அழுத்தினாள். இந்தப் பக்கத்துப் பெண் எழுந்துபோய் உள்ளே சிரித்துவிட்டு வந்தாள்.

இரண்டு ரிசல்ட்டையும் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இறங்கியிருந்தது. ரத்தினசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்டர் அடுத்த வரியைப் பார்த்தார்.

"எத்தனை நாள் பட்டினி கிடந்தீங்க?"

"பட்டினியெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா."

"இது மூணு மாசச் சராசரி ஐயா. டேங்கர் பால் மாதிரி. கடைசியா ஊத்துன ரெண்டு கேன் நல்லாருந்தா மொத்தமும் மாறிருமா? போன தடவையை விட ஏறியிருக்கு. ரெண்டு லேப்லயும் ஏறியிருக்கு. மாத்திரையும் போட்டுட்டுப் பட்டினியும் கிடந்திருக்கீங்க. தோப்புக்குள்ள மயங்கி விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

சுப்பாத்தாள் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். கரண்டிக் கணக்கையும் சொன்னாள். தவிடு வைக்கும் வேளையையும் விட்டுவைக்கவில்லை. டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார்.

"அப்ப இதுதான் குத்தவாளிங்களா?" என்றார் ரத்தினசாமி. குரலில் ஒரு புது உற்சாகம் இருந்தது. "அந்த மூணு பேரு. லூசின், ஐசோலூசின், வாலின்."

"அவ்வளவு சுளுவா ஆளைப் பிடிக்க முடியாது" என்றார் டாக்டர். "சக்கரை இருக்கறவங்க ரத்தத்துல இந்த மூணும் மத்தவங்களைவிட அதிகமா இருக்கும். சக்கரை வர்றதுக்கு முன்னாடியேகூடச் சில பேருக்கு ஏறியிருக்கறதைப் பாத்திருக்காங்க. ஆனா இதுங்க வந்து இன்சுலினை வேலை செய்ய விடாமப் பண்ணுதா, இல்ல இன்சுலின் சரியா வேலை செய்யாததால உடம்பு இதுங்களைச் செலவழிக்க முடியாமத் தேங்கி நிக்குதான்னு இன்னும் தீர்ப்பு வரலை. ரெண்டும் உண்மையா இருக்கலாம்."

"எலியில பாத்திருப்பாங்களே" என்றார் ரத்தினசாமி.

"பாத்திருக்காங்க. எலித்தீவனத்துல ஐசோலூசினைக் குறைச்சா எடையும் சக்கரையும் நல்லா இறங்குச்சு. மனுசங்ககிட்ட நடந்ததெல்லாம் சின்னச் சின்னச் சோதனைதான். அதை வெச்சு உங்களுக்கு உத்தரவு போட எனக்குத் தைரியம் இல்லை. எனக்குத் தெரியாது ஐயா."

ரத்தினசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரியாது என்று சொல்லும் ஒரு டாக்டரை அவர் இதுவரை பார்த்ததில்லை. குற்றவாளிக் கூண்டில் மூன்று பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு, சாட்சி போதாது என்று இத்தனை காலமாகக் காத்திருக்கும் சாஸ்திரம் ஒன்று உலகத்தில் இருப்பதும் அவருக்குப் புதிய செய்தி. தன் ஜாதியைச் சேர்ந்தவர்கள் எங்கோ கண்ணாடிக் குழாய்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கையில் அவருக்கு மனது கொஞ்சம் நெகிழ்ந்தது.

"ஆனா ஒண்ணு தெரியும்" என்றார் டாக்டர். "நான் சோத்துக்குப் பதிலாப் புரதம் சொன்னேன். நீங்க சோத்துக்கு மேல புரதம் போட்டீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் புரதம் போனா வயிறு மெதுவாக் காலியாகும், இன்சுலினும் நேரத்துக்கு வரும், சோத்துச் சக்கரை ஒரே பாய்ச்சலா ஏறாது. அதுக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் போதும். நடக்காம உக்காந்துட்டு இதை நாலு கரண்டி குடிச்சா, தசை ஆகாது. தொப்பைதான் ஆகும்."

"வத்துன மாட்டுக்குக் கறவ மாட்டுத் தீனி" என்றாள் சுப்பாத்தாள், யாரையும் பார்க்காமல். "கொழுத்துப்போயி, கன்னு போட்டதும் எந்திரிக்க முடியாமப் படுத்துக்கும்."

"அதேதாங்க" என்றார் டாக்டர். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். "சாப்பாட்டைச் சரிபண்ணுங்க. ஆனா இந்தச் சராசரிக்கு இனிமேல் காத்திருக்க முடியாது. இன்சுலின் ஆரம்பிச்சிரலாம்."

ரத்தினசாமியின் கை தானாக இடது முழங்காலுக்குப் போயிற்று.

"வேண்டாங்க" என்றார். "எங்கண்ணனுக்கு இதப் போட்டுத்தான் கால் போச்சு."

சுப்பாத்தாள் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"போடலீங்க" என்றாள்.

"என்ன போடல?"

"உங்கண்ணன் ஊசி போடல. ஆறு மாசந்தான் போட்டாரு. அப்பறம் அதுல என்ன கலக்கறாங்களோன்னு அவருக்குச் சந்தேகம் வந்திருச்சு. அவரு ஊட்டுக்கார அக்காவுக்குத் தெரியாம மருந்தத் தென்னைமரத்து மூட்டுல ஊத்திருவாரு. நான் பாத்துட்டேன். ஆருகிட்டயும் சொல்லாத அம்மிணின்னு கையப் புடிச்சுக் கேட்டாரு. நானும் சொல்லல. அதுக்கப்பறந்தான் புண்ணு ஆறாமப் போச்சு, கால எடுத்தாங்க." அவள் குரல் சற்று இறங்கியது. "உங்க ஊட்டுச் சந்தேகத்துக்கு ஒரு காலு போயிருச்சுங்க. இன்னொன்னு வேண்டாம்."

ரத்தினசாமி மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பொய்யா என்று பார்க்கும் பார்வை அது. வேறு பார்வை அவருக்குப் பழக்கமில்லை. தோப்பு ஓரத்தில் ஒரே ஒரு தென்னைமரம் மட்டும் எதனால் அத்தனை செழிப்பாக இருக்கிறது என்று அவர் பல வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரரைச் சந்தேகித்ததுண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

மறுநாள் காலை, தொழுவத்து வேலை முடிந்த பிறகு, சுப்பாத்தாள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பக்கம் முட்டை, ஒரு பக்கம் கொண்டைக்கடலைச் சுண்டல், சோறு எட்டாத தூரத்தில். டப்பா தங்கதுரையிடமே திரும்பிப் போயிருந்தது. ரத்தினசாமி மருந்துக் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் போலத்தான் இருந்தது. சந்தேகப்பட வேண்டிய நிறம். அவருடைய மற்றக் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து லாக்டோமீட்டரை எடுத்தது. குப்பி அவர் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. குழாயின் நுனிகூட அதன் வாய்க்குள் நுழையாது.

இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவர் சிறிது நேரம் நின்றார்.

"குடுங்க இங்க" என்று சுப்பாத்தாள் குப்பியை வாங்கிக்கொண்டாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அளவாக மருந்தை இழுத்தாள். பிறகு சுண்டல் தட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். மாட்டுக்கு ஊசி போடும்போது முன்னால் தீனியைக் காட்டுகிற அதே உயரத்தில்.

"அக்கட்டால பாத்துட்டுத் தின்னுங்க."

அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்து, ஒரு கை சுண்டல் அள்ளினார். அவள் அவர் தொப்பையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஊசியை இறக்கினாள். அவர் மென்றுகொண்டே இருந்தார்.

"ஏன் சுப்பாத்தா," என்றார் விழுங்கிவிட்டு, "இந்தக் கடலை எந்தக் கடையில வாங்குனது?"